தூறும் வலையும்: நம்ம ஊருக்கு ஃபெரட் ஏன் வரவே இல்லை?

இந்த எபிசோடு ஒரு இங்கிலாந்து வீடியோவுல ஆரம்பிக்குது. கவலைப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல சங்கரன்கோவிலுக்கு வந்துடுவோம்.

வீடியோல குளிர்காலம். ரெண்டு பேர் ஒரு மேட்டுல முள்ளுக்கொடியை வெட்டிக்கிட்டு இருக்காங்க. முயல் பிடிக்கிற வீடியோன்னு தலைப்பு, ஆனா முதல் பாதி முழுக்க முயலே கிடையாது. வெட்டறாங்க, இழுத்துப் போடறாங்க, குனிஞ்சு தரையைப் பார்க்கறாங்க, திரும்ப வெட்டறாங்க. அதை முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடறாங்க! சில நாள் கழிச்சுத்தான் ஒரு சின்னப் பெட்டியோட திரும்பி வர்றாங்க. பெட்டிக்குள்ள ஃபெரட்.

ஃபெரட் தெரியாதவங்களுக்கு: நீளமா, குட்டைக் காலோட, பார்க்கறதுக்கு நம்ம கீரி மாதிரியே இருக்கும். ஆனா கீரி குடும்பம் இல்லை, நம்ம ஆத்துல இருக்கிற நீர்நாய்க்கு ஒண்ணுவிட்ட சொந்தம். ஐரோப்பாவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல வளர்க்கறாங்க. ஒரே வேலை, முயல் வளைக்குள்ள போறது. உள்ள இருக்கிற முயல் பயந்து வெளிய ஓடி வரும். வாசல்ல சுருக்குப் பை மாதிரி ஒரு வலை விரிச்சிருப்பாங்க. முயல் அதுல மோதினதும் வலை தானா சுருங்கிக்கும்.

இதுக்கு எதுக்கு முள்ளு வெட்டணும்? ஏன்னா அந்த ஊர் முயல் வளைக்கு வாசல் ஒண்ணு இல்லை. பத்து இருக்கும், இருபது இருக்கும். சிலது முள்ளுக்கொடிக்கு அடியில மறைஞ்சு கிடக்கும். ஒரு வாசலை விட்டுட்டீங்கன்னா முயல் அந்த வழியா போயிடும். வாசலைக் கண்டுபிடிச்சாலும், வலை தரையோட படிஞ்சு உட்காரணும், முள்ளுல மாட்டினா சுருங்காது. வெட்டின அன்னைக்கே வேட்டைக்கும் இறங்கக் கூடாது. மேல நடந்த சத்தத்துல முயல் மிரண்டு போயிருக்கும், அடங்கறதுக்கு நாள் வேணும். அதனாலதான் முன்கூட்டியே வெட்டிட்டுப் போயிடறாங்க. இதைப் பார்த்ததும் எனக்கு ஆபீஸ் ஞாபகம்தான் வந்துச்சு. ஒரு சிஸ்டத்துல எத்தனை வழி வெளிய போகுதுன்னு முழுசா தெரியாம எதையும் நிறுத்தப் போகாதேன்னு எங்க டீம்ல எல்லாப் புதுப் பசங்களுக்கும் சொல்லுவோம்.

சரி, நம்ம கேள்விக்கு வருவோம். தென்காசி, சங்கரன்கோவில், சிவகிரி பக்கமெல்லாம் முயல் வேட்டை புதுசு இல்லை. அதுக்குன்னே நாய் வளர்த்த ஊருங்க. கோவில்பட்டி பக்கம் சிப்பிப்பாறை இருக்கு, வடக்க போனா ராஜபாளையம் இருக்கு, கன்னி நாயைப் பத்தி சொல்லவே வேண்டாம். அப்போ இவ்வளவு தூரம் யோசிச்ச மக்கள், வளைக்குள்ள போற ஒரு பிராணியை ஏன் பழக்கலை? கீரி கண்ணு முன்னாடியே இருந்துச்சே?

பதில் ரொம்பச் சின்னது. நம்ம ஊர் முயல் வளை தோண்டாது.

இதைச் சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டாங்க. ஏன்னா ஸ்கூல்ல நாம மனப்பாடம் பண்ணினது வேற. சிங்கத்துக்குக் குகை, பறவைக்குக் கூடு, முயலுக்கு வளை. ஆங்கிலத்துல ராபிட், ஹேர்னு ரெண்டு தனி விலங்கு இருக்கு. தமிழ்ல ரெண்டுக்கும் முயல்தான். வளை தோண்டறது ராபிட். அதோட பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். நம்ம ஊர்ல கூண்டுல வெள்ளையா விக்கிறாங்களே, அது அந்த வம்சம். நம்ம காட்டுல, கரிசல்ல ஓடறது ஹேர். பிடரியில கறுப்பா ஒரு திட்டு இருக்கும், அதனால கரும்பிடரி முயல்னு எழுதுவாங்க. ஆங்கிலப் பாடம் தமிழுக்கு வந்தப்போ, அந்த ஊர் விலங்கோட வீடு நம்ம ஊர் விலங்கோட தலையில ஏறிடுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

வித்தியாசம் பிறக்கும்போதே தெரியும். ராபிட் குட்டி கண்ணு திறக்காம, முடி இல்லாம பிறக்கும். பூமிக்கு அடியில பத்திரமா இருக்கிறதால அது போதும். நம்ம முயல் குட்டி கண்ணைத் திறந்துக்கிட்டு, உடம்பு முழுக்க முடியோட பிறக்கும். ஏன்னா அது பிறக்கிற இடமே வெட்டவெளி. பெரிய முயலும் பகல்ல ஒரு தூறுக்கு அடியில, உடம்பு அளவுக்கு அழுத்தின ஒரு சின்னப் பள்ளத்துல அசையாம படுத்திருக்கும். நீங்க பக்கத்துல நடந்து போனாக்கூட எழாது. மிதிக்கப் போற நிமிஷத்துலதான் பிச்சுக்கிட்டு ஓடும். ராத்திரி வெளிய வந்து மேயும்.

இங்கதான் முழுக் கதையும் இருக்கு. இங்கிலாந்து முயலுக்கு வீடு மண்ணுக்கு அடியில, மேல இருக்கிற முள்ளு வெறும் கூரை. கூரையைப் பிரிச்சாலும் வீடு போகாது. அடுத்த வருஷமும் அதே மேட்டுல முயல் இருக்கும். நம்ம முயலுக்குத் தூறுதான் வீடு. தூறை வெட்டினா வீடே போச்சு. ஃபெரட்டுக்கு இங்க வேலையே கிடையாது, வேட்டைக்கு முன்னாடி மொத்தமா வெட்டித் தள்ளற வேலையும் கிடையாது.

வளை வேட்டையே நம்ம கிட்ட இல்லைன்னு அர்த்தம் இல்லை. வயல் எலி பிடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. வரப்பைச் சுத்தி நடந்து எல்லா வாசலையும் கண்டுபிடிச்சு, வேண்டியதை விட்டுட்டு மத்ததையெல்லாம் அடைப்பாங்க. இருளர்கள் ஓட்டை போட்ட மண்பானையில வைக்கோலைத் திணிச்சு நெருப்பு வச்சு வளைக்குள்ள புகையை ஊதுவாங்க. அந்த ஊர்ல ஃபெரட் பார்த்த வேலையை இங்க புகை பார்த்துச்சு. பிரச்சினை ஒண்ணா இருந்தா தீர்வும் ஒரே மாதிரிதான் வருது. முயல் விஷயத்துல பிரச்சினையே வேற.

ஃபெரட் எப்படி வந்துச்சுன்னு ஒரு சின்னச் சுத்து சுத்திட்டு வந்துடறேன், ஏன்னா அது நல்ல கதை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலம். மத்தியதரைக் கடல்ல பலேரிக் தீவுகள்னு ஸ்பெயினுக்குப் பக்கத்துல இருக்கு. அங்க முயல் பெருகி விளைச்சலையெல்லாம் தின்னு தீர்த்துடுச்சு. தீவு மக்கள் அகஸ்டஸ்கிட்ட ராணுவ உதவி கேட்டாங்கன்னு பிளினி எழுதியிருக்கார். முயலுக்கு எதிரா ராணுவம்! வளைகளுக்குப் பல வாசல் இருக்கிறதையும், ஒரு பிராணியை உள்ள விட்டு மேல வர்ற முயலைப் பிடிக்கிறதையும் அவரே சொல்றார். ஸ்ட்ராபோவும் இதை எழுதியிருக்கார், அந்தப் பிராணிக்கு வாய்க்கட்டுப் போட்டு விடுவாங்கன்னு. வாய்க்கட்டு எதுக்குன்னா, இல்லைன்னா அது உள்ளேயே முயலைக் கொன்னு தின்னுட்டுத் தூங்கிடும். இன்னைக்கும் ஃபெரட் வச்சிருக்கிறவங்களுக்கு அதுதான் தலைவலி. இப்போ கழுத்துல சிக்னல் அனுப்பற பட்டை கட்டி, எங்க தூங்குதுன்னு மேல இருந்து கண்டுபிடிச்சுத் தோண்டறாங்க.

இங்கிலாந்துல 1390 வாக்குல இரண்டாம் ரிச்சர்ட் ஒரு சட்டம் போட்டார். வருஷத்துக்கு 40 ஷில்லிங் வருமானம் தர்ற நிலம் இல்லாத சாதாரண ஆள் வேட்டை நாய், ஃபெரட், வலை எதுவும் வச்சிருக்கக் கூடாது. கவனிங்க, முயலைக் காப்பாத்தறதுக்கு இல்லை. முயல் யாரோடதுங்கிறதைச் சொல்றதுக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இப்போ தமிழுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச சான்று பத்துப்பாட்டுல இருக்கு. பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதினது, 500 அடி, பாட்டுடைத் தலைவன் காஞ்சியில இருந்த தொண்டைமான் இளந்திரையன். அரசனைப் பார்க்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. அந்த வழியில எயினர் நாடு வருது. மழை இல்லாத காலம். ராத்திரியில தண்ணி குடிக்க வர்ற காட்டுப் பன்றிக்காகக் குழிக்குள்ள காத்திருப்பாங்க. பகல்ல நாயைக் கூட்டிக்கிட்டு முயலுக்குப் போவாங்க. முயலோட காதைத் தாமரையோட வெளிப்புற இதழுக்கு ஒப்பிடறார் புலவர். கையில முயலைப் பிடிச்சுப் பார்த்த ஆள்தான் அப்படி எழுத முடியும்.

அந்த வேட்டையை மூணே வினையில சொல்லிடறார். தூறை ஒண்ணு பண்றாங்க, வலையை வேலி மாதிரி மாட்டறாங்க, தப்பிக்க வழியில்லாம வளைக்கிறாங்க. தூறை என்ன பண்றாங்கங்கிறதுதான் சுவாரசியம். அங்க வர்ற வினைச்சொல் எருக்குதல். எருக்கஞ்செடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. எருக்குதல்னா அடித்தல். அழித்தல்னும் பொருள் உண்டு. வெட்டுதல்னும் உண்டு. அப்போ அந்த எயினர்கள் தூறைக் கம்பால அடிச்சாங்களா, இல்லை வெட்டி அழிச்சாங்களா?

அடிச்சாங்கன்னு எடுத்துக்கிட்டா வேட்டைக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. படுத்திருக்கிற முயலை எழுப்பணும்னா தூறை அடிச்சுத்தான் ஆகணும். ஆனா வரிசையைப் பாருங்க. தூறு முதல்ல, வலை அப்புறம், வளைக்கிறது கடைசியில. வலை கட்டறதுக்கு முன்னாடியே தூறை அடிச்சா முயல் ஓடிப் போயிடுமே? ப்ரோக்ராம் எழுதறவன் கண்ணுக்கு இது உடனே உறுத்தும். ஸ்டெப் ஒண்ணும் ரெண்டும் மாறிக் கிடக்கு. கவிதையில வினையெச்சங்கள் கால வரிசையிலதான் வரணும்னு கட்டாயம் இல்லைன்னு சொல்லி இதைக் கடந்து போயிடலாம். தமிழ் படிச்ச என் நண்பர்கள் அப்படித்தான் சொன்னாங்க. எனக்கு அதுல முழுத் திருப்தி இல்லை.

நான் படிக்கிற விதம் இது. வலை வேலி மாதிரி நிக்கணும்னா அது நிக்கிற கோடு சுத்தமா இருக்கணும். கீழ் விளிம்பு தரையில படியணும், நடுவுல ஒரு முள்ளுச் செடி வலையைத் தூக்கி நிறுத்தினா முயல் அந்த இடைவெளியில நுழைஞ்சிடும். அதனால வலை போற கோட்டுல மட்டும் தூறை வெட்டிச் சாய்ச்சிருப்பாங்க. தூறோட நடுப்பகுதியை, முயல் படுத்திருக்கிற இடத்தைத் தொட்டிருக்க மாட்டாங்க. இப்படிப் படிச்சா வரிசை சரியா வருது: முதல்ல கோட்டை வெட்டு, அப்புறம் வலை கட்டு, அப்புறம் நாயோட வளைச்சு உள்ள இருக்கிறதைக் கலை. இங்கிலாந்துக்காரர் முள்ளு வெட்டினதுக்கும் எயினர் தூறு வெட்டினதுக்கும் காரணம் ஒண்ணேதான், வலை தரையில படியணும். ஆனா அவர் மேடு முழுக்க வெட்டணும், எயினருக்கு ஒரு கோடு போதும். இது என் வாசிப்புதான். உரைகாரர் யாரும் இப்படிச் சொன்னதா நான் சொல்லலை.

வலை வேட்டை எவ்வளவு பரவலா இருந்துச்சுங்கிறதுக்கு ஒரு சாதிப் பெயரே சாட்சி. வலையர். கடல் வலைன்னு நினைச்சுடாதீங்க, பாண்டிய நாட்டு உள்பகுதியில வாழ்ற மக்கள். 1909ல வந்த எட்கர் தர்ஸ்டனோட தொகுதிகள்லயே வலைங்கிற சொல்லுல இருந்துதான் இந்தப் பேர்னு இருக்கு, காட்டு விலங்கைப் பிடிக்கிற வலை. அந்தக் கால அதிகாரிகள் இவங்களைப் பத்தி எழுதின விதம் பல இடத்துல கேவலமா இருக்கு, அது வேற விஷயம். யானை வேட்டைக்கும் புலி வேட்டைக்கும் கல்வெட்டும் ஓவியமும் கிடைக்கும். முயல் வேட்டைக்குக் கிடைக்கிறது ஒரு பேரும் ஒரு பழமொழியும்தான். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு இன்னைக்கும் சண்டை போடறோம்ல?

குற்றாலத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு குற்றாலக் குறவஞ்சியைச் சொல்லாம போனா மேலகரத்துக்காரங்க கோவிச்சுப்பாங்க. திரிகூடராசப்பக் கவிராயர் ஊர் அது. மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் இந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார், குறவஞ்சி மேடுன்னே அதுக்குப் பேர். அந்த நாடகத்தோட பின்பாதியில சிங்கன் பறவை பிடிக்க வர்றான், நூவன்னு ஒரு உதவியாளோட. மரத்துல ஏறிப் பறவைக் கூட்டம் எங்க மேயுதுன்னு பார்க்கிறான், கண்ணி வைக்கிறான். அங்கயும் எதையும் வெட்டி அழிக்கிற பேச்சு இல்லை. பறவை எங்க வந்து உட்காருமோ அந்த இடத்தை அப்படியே விட்டுட்டு அங்க கண்ணி. அதுக்கப்புறம் சிங்கி ஞாபகம் வந்து எல்லாப் பறவையையும் கோட்டை விட்டது தனிக் கதை.

எங்க தாத்தா சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர்க்காரர். 1960கள்ல வேட்டைக்குப் போனவர், கன்னி நாய் வச்சிருந்தார். வலை அவங்க அப்பா காலத்தோட போயிடுச்சாம். அறுவடை முடிஞ்சு காடு வெறுமையா கிடக்கும்போது ஒரு பக்கம் ஆளுங்க தூறைத் தட்டிக்கிட்டு வருவாங்க, இன்னொரு பக்கம் நாயைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. முயல் எழுந்ததும் நாயை விடுவாங்க. நான் காலேஜ்ல படிக்கும்போது ஒரு தடவை கேட்டேன், தூறை வெட்டிட்டா சுலபமா இருக்குமே தாத்தான்னு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, "ஏல, அத வெட்டிப்புட்டா அடுத்த வருசம் முயலு ஒன் வீட்டுத் திண்ணையிலயால வந்து படுக்கும்?"னார்.

இதைக் கேட்டுட்டு, ஆஹா நம்ம முன்னோர்கள் சூழலியல் ஞானிகள்னு நான் கிளம்பப் போறதில்லை. தூறை வேட்டைக்காரங்க வெட்டலையே தவிர, ஊர் வெட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. விறகுக்கு வெட்டினாங்க. பிஞ்சைக்கு வேலி அடைக்க முள்ளு வெட்டினாங்க. ஆடு மேய்ஞ்சு மேய்ஞ்சு தூறைக் குட்டையாவே வச்சிருந்துச்சு. அதனாலதான் அந்த நிலம் தீவு தீவா இருந்துச்சு: இங்க ஒரு இலந்தை, அங்க ஒரு சூரை, நடுவுல புல், கொஞ்சம் தள்ளி உடைமரம். கன்னியும் சிப்பிப்பாறையும் மோப்பத்துல ஓடற நாய் இல்லை, கண்ணால பார்த்து ஓடற நாய். அதுக்கு வெளி வேணும். முயலுக்குத் தூறு வேணும். ரெண்டும் கலந்த நிலம் இருந்தாத்தான் அந்த நாயோட உடம்புக்கே அர்த்தம் இருக்கு. நாயோட நீளக் கால்ல அந்த ஊர் நிலப்பரப்பு பதிவாகி இருக்குன்னுகூடச் சொல்லலாம்.

நம்ம பக்கத்துல வேட்டைக்கு முன்னாடி தூறை மொத்தமா வெட்டினவங்க உண்டு. ஆனா அவங்க வேட்டையாடினது முயலை இல்லை.

1783. கர்னல் ஃபுல்லர்டன், கம்பெனிப் படை. பாஞ்சாலங்குறிச்சியை முடிச்சுட்டு சிவகிரிக்கு வர்றார். இப்போ தென்காசி மாவட்டத்துல இருக்கிற அதே சிவகிரி. பாளையக்காரர் மலையடிவாரக் கோம்பைக்குள்ள போயிட்டார். கோம்பைன்னா மூணு பக்கம் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு, முன்பக்கம் முள்ளுக்காடு. கோட்டைச் சுவரைவிட அந்தக் காடுதான் பலம். பீரங்கியால சுவரை இடிக்கலாம், தூறை இடிக்க முடியுமா? ஃபுல்லர்டன் படை காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கிட்டே முன்னேறுச்சு, சுத்தி இருந்த தூறுக்குள்ள இருந்து பாளையத்து ஆளுங்க சுட்டுக்கிட்டே இருந்தாங்க. 1787ல அச்சான தன்னோட புத்தகத்துல அவரே இதை விவரிச்சிருக்கார். பின்னாடி கால்டுவெல் 1881ல திருநெல்வேலி வரலாறு எழுதும்போது அதை எடுத்துச் சொல்றார். அதைப் படிக்கும்போது எனக்கு அந்த வீடியோதான் ஞாபகம் வந்துச்சு. எல்லா வாசலும் தெரியணும்னா மேல இருக்கிற முள்ளு போகணும்.

பாஞ்சாலங்குறிச்சிக்கே ஒரு முயல் கதை உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கட்டபொம்மன் முன்னோர் வேட்டைக்குப் போன இடத்துல, துரத்தி வந்த நாய்களை ஒரு முயல் திரும்பி எதிர்த்து நின்னுச்சாம். வீரம் விளையற மண்ணுன்னு அங்கயே கோட்டை கட்டினாங்களாம். ஹம்பிக்கும் இதே கதை இருக்கு, அகமதாபாத்துக்கும் இருக்கு. அதனால இதை நடந்த சம்பவமா எடுத்துக்க வேண்டாம். ஆனா ஒரு ஊர் தன்னோட பெருமையைச் சொல்றதுக்கு முயல் வேட்டையை எடுத்துக்குதுன்னா, அந்தக் காட்சி எல்லாருக்கும் தெரிஞ்ச காட்சியா இருந்திருக்கணும்.

1801ல கடைசிப் போர் முடிஞ்சு, டிசம்பர் 1 அன்னைக்கு மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். பாளையக்காரங்க கோட்டை வச்சுக்கக் கூடாது, மக்கள் ஆயுதம் வச்சுக்கக் கூடாது. இங்கதான் 1390 சட்டத்தை ஞாபகப்படுத்தறேன். அந்தச் சட்டம் நாயையும் வலையையும்கூடப் பிடுங்குச்சு. கிளைவோட குறி வேற, கலகத்தை அடக்கறது. வேட்டையைப் பத்தி அவருக்குக் கவலையே இல்லை. ஈட்டியும் துப்பாக்கியும் போச்சு. நாயும் கம்பும் வலையும் மிஞ்சுச்சு. அதுக்கப்புறம் சாதாரண ஆளோட வேட்டைன்னா நாய் வேட்டைதான்னு ஆனதுக்கு இது ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

அடுத்த பூட்டு 1882 மதராஸ் வனச் சட்டம். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள்ள வேட்டையாடறது, பொறி வைக்கிறது, கண்ணி வைக்கிறது எல்லாத்துக்கும் கட்டுப்பாடு. மலைச்சரிவு போச்சு. ஊருக்கு மிஞ்சினது சமவெளியில புறம்போக்குத் தூறு. அதே காலத்துல துரைமாருங்க ஊட்டியில நாய்க் கூட்டத்தோட குதிரையில போய் குள்ளநரியைத் துரத்திக்கிட்டு இருந்தாங்க, அவங்க ஊர் நரி இங்க கிடைக்காததால! ஊர் விட்டு ஊர் வந்தும் வேட்டையை விட முடியலை பாருங்க.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எல்லாத்தையும் மாத்திடுச்சு. முயல் அட்டவணையில இருக்கிற விலங்கு. 2022ல அட்டவணைகளை மாத்தி அமைச்சாங்க, அப்பவும் பாதுகாப்பு போகலை. நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்தச் சட்டத்துல வேட்டைங்கிற சொல்லுக்கு இருக்கிற விளக்கம். கொல்றது மட்டும் வேட்டை இல்லை. பிடிக்கிறது, கண்ணி வைக்கிறது, இரை வைக்கிறது, விரட்டறது, இதுல எதுக்கு முயற்சி பண்ணினாலும் வேட்டைதான். அதாவது தூறைத் தட்டி முயலை எழுப்பறதே குற்றம், நாய் அதைப் பிடிக்கணும்னுகூட இல்லை. சிவராத்திரியை ஒட்டி மதுரை, சிவகங்கை பக்கம் நடக்கிற பாரிவேட்டைக்கு வனத்துறை ரோந்து போறது இதனாலதான். நாயை விட்டு முயலைத் துரத்தி வீடியோ எடுத்து, நம்ம பாரம்பரியம்னு தலைப்புப் போடற தம்பிங்க இதைத் தெரிஞ்சுக்கணும். அந்த வீடியோவேதான் சாட்சியா நிக்கும்.

எனக்கு அந்தச் சட்டத்தோட சண்டை இல்லை. தாத்தா வேட்டைக்குப் போன காலத்து நிலமும் இல்லை, அவ்வளவு முயலும் இல்லை. ஆனா ஒண்ணு இடிக்குது. முயலைத் தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. முயலோட வீட்டைத் தொடக் கூடாதுன்னு, காட்டு எல்லைக்கு வெளிய, எதுவும் இல்லை.

அந்த வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. 1870கள்ல விறகுப் பஞ்சத்துக்குத் தீர்வா அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த சீமைக் கருவேலம், மதராஸ் மாகாணத்துல கடப்பா பக்கம் நட்டது, மெதுவா தெற்க பரவி கண்மாய், புறம்போக்குன்னு எல்லாத்தையும் பிடிச்சுடுச்சு. தீவு தீவா இருந்த தூறு ஒரே முள்ளுக் கடலாச்சு. அடியில புல் சரியா வராது. முயலுக்கு ஒளிய இடம் உண்டு, மேய இடம் இல்லை. விறகுக்கு வெட்டறதும் கேஸ் அடுப்பு வந்தப்புறம் குறைஞ்சுபோச்சு. 2017ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென் மாவட்டங்கள்ல கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டு, ஊரூரா ஜேசிபி இறங்குச்சு. அதே வருஷம் சென்னையில முதல் அமர்வு, ஆய்வு பண்ணாம வெட்டாதீங்கன்னு இடைக்காலத் தடை போட்டுச்சு.

கருவேலம் போகணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா ஜேசிபி ஓட்டறவருக்கு எது கருவேலம், எது உடை, எது சூரைன்னு யார் சொன்னாங்க? எல்லாமே முள்ளுதான். எங்க ஊர்க் கண்மாய்க் கரையில வெட்டினப்போ நான் போய்ப் பார்த்தேன். கருவேலத்தோட சேர்ந்து ரெண்டு பெரிய இலந்தையும் ஒரு சூரைத் தூறும் வேரோட கிடந்துச்சு. அடுத்த மழைக்கு முதல்ல முளைச்சது கருவேலம்தான், அதோட விதை மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும். இலந்தை இன்னும் வரலை. வெட்டறதுக்கு முன்னாடி நடந்து பார்த்து, விட வேண்டியதுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தா ஒரு காலை நேர வேலை.

இப்போ ஒரு உதவி கேட்கிறேன். பழைய முயல் வலையை நான் நேர்ல பார்த்ததே இல்லை. உங்க வீட்டுப் பரண்ல, இல்லைன்னா ஊர்ப் பெரியவங்க யார் வீட்டுலயாவது கிடந்தா, விரிச்சு வச்சு ஒரு போட்டோ எடுங்க. எவ்வளவு உயரம், கண்ணி எவ்வளவு அகலம், எந்த நார்ல பின்னினது, கீழ் விளிம்புல கயிறு ஓடுதா, அதைத் தரையில இறுக்க முளை உண்டா, இதெல்லாம் கேட்டு எழுதிக்கோங்க. வலை கட்டறதுக்கு முன்னாடி தூறை என்ன பண்ணுவாங்கன்னும் கேளுங்க, வெட்டுவாங்களா, அடிப்பாங்களா, மிதிப்பாங்களா. அந்த வேலைக்கு உங்க ஊர்ல என்ன சொல் இருக்குங்கிறது எனக்கு ரொம்ப முக்கியம். எருக்குறதுன்னு யாராவது சொன்னா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் எனக்குச் சொல்லுங்க.